சந்திரகாந்தா டீச்சரின் நீல அங்கி

சந்திரகாந்தா 1958ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினொன்றாம் திகதி, இரத்தோட்டைக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையான நான்காம் இலக்க லயத்தில் பிறந்தார். தந்தை அழகமுத்து, தோட்டத் தொழிலாளி. தாய் 1966இல் மஞ்சள்காமாலையில் இறந்தார். அதன்பிறகு பிள்ளையை வளர்த்தவர், தந்தையின் அக்காவான காத்தாயி. சந்திரகாந்தாவுக்கு அவர் அத்தை.

தோட்டத் தமிழரில் பெரும்பாலோருக்கு அப்போது எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை; இலங்கைக்கோ இந்தியாவுக்கோ விண்ணப்பிக்க வேண்டும். அழகமுத்து இலங்கைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தார். 1974இல் மகளின் பெயரோடு சேர்த்து அவருக்கு அது கிடைத்தது. காத்தாயியின் கணவர் இந்தியாவுக்கு விண்ணப்பித்திருந்தார். 1975இல் கணவன் மனைவி இருவருக்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. புறப்படும் நாள் குறிக்கப்படுமுன்பே, 1979இல், கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். காத்தாயி தனியாகப் போக மனமில்லாமல் தம்பி வீட்டிலேயே தங்கினார். 1984இல் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. ஆகவே ஒரே லயக் காம்பராவில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்களில் இருவர் இலங்கையர், ஒருவர் இந்தியர். அந்த ஒருவர் இந்தியாவைக் கண்டதில்லை.

சந்திரகாந்தா 1985இல் ஆங்கில ஆசிரியராக நியமனம் பெற்று, மாத்தளையில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். சனி ஞாயிறில் தோட்டத்துக்கு வந்துபோனார். தந்தை 1991இல் இறந்தார். சந்திரகாந்தா திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான காரணம் எந்தக் கடிதத்திலும் இல்லை. ஆகையால் இங்கும் எழுதப்படவில்லை.

இவ்வளவும் பத்திரங்களில் உள்ளவை. பத்திரங்களில் இல்லாதது, அவர் இருபத்தெட்டு நாள் மொழிபெயர்ப்பாளராக இருந்ததும், இருபத்தெட்டாம் நாள் பிற்பகல் இரண்டரை மணிக்கு அந்த வேலையைத் தானாகவே விட்டதும்.

ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைத் தேர்தல்களுக்குக் கண்காணிப்பாளர்களை அனுப்பிவந்த காலம் அது. கண்டியில் தங்கிய குழுவொன்று மாத்தளை மாவட்டத்தையும் பார்த்துக்கொண்டது. இங்கிலீஷ், சிங்களம், தமிழ் மூன்றும் தெரிந்த ஒருவர் வேண்டுமென்று பாடசாலைகளுக்குச் செய்தி வந்தபோது, பாடசாலை அதிபர் சந்திரகாந்தாவின் பெயரைக் கொடுத்தார். 2001இல் பத்து நாள், 2004இல் பத்து நாள், 2005 நவம்பரில் எட்டு நாள். ஆண்டுக்கணக்காக ‘திஸ் இஸ் எ கெட்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில், வளர்ந்தவர்கள் தம்மிடம் தீவிரமான கேள்விகளைக் கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்த முதல் இடம் அதுதான். அந்த வேலையை அவர் எவ்வளவு விரும்பினார் என்பதை, தேர்தல் அறிவிக்கப்பட்ட வாரமே குழு கொடுத்த, மஞ்சள் நட்சத்திரம் போட்ட நீல அங்கியைத் தோய்த்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரிப் பெட்டிபோட்டு வைத்ததிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அந்த வேலைக்கு ஒரு சத்தியப் பத்திரம் இருந்தது. சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. வாக்காளர் எவருக்கும் ஆலோசனை சொல்லக் கூடாது. எதிலும் தலையிடக் கூடாது. சந்திரகாந்தா மூன்று முறையும் அதை முழுவதும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்திடுவார்களாம்.

2005 நவம்பர் பதின்மூன்றாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, குழு ஊசிமலைக்கு வந்தது. மூத்தவர் டுவார்தே, போர்த்துக்கல்காரர், ஐம்பது தாண்டியவர். பதினோராவது தேர்தலைப் பார்ப்பவர். இளையவர் இல்ஸே, லத்வியாவைச் சேர்ந்த பெண். அவருடைய நாடு ஒன்றியத்தில் சேர்ந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. வாகனம் ஓட்டியவர் மாத்தளை நகரத்து ஸெய்னுலாப்தீன். வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத மனிதர்.

காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவர் தோட்டக் கமிட்டித் தலைவர் மாரிமுத்து. தொழிற்சங்கக் காரியம் எல்லாம் அவர் கையில்தான்.

“எந்த நாட்டு ஆளுங்க டீச்சர்?” என்று கேட்டார் அவர்.

டுவார்தேயின் பதிலைச் சந்திரகாந்தா தமிழில் சொன்னார்: “இவர் ஒரு நாடு, இவங்க ஒரு நாடு. இருபத்தஞ்சு நாடு சேந்து ஒண்ணா இருக்காங்க. அந்த ஒன்றியம் அனுப்பியிருக்கு.”

“ஓ, நாடுங்களுக்கெல்லாம் ஒரு சங்கமா?”

சந்திரகாந்தா இதை மொழிபெயர்த்ததும் டுவார்தே கொஞ்சம் யோசித்து, தவறென்று சொல்ல முடியாது என்றார்.

“சங்கம்னா சந்தா உண்டுல்ல? யாரு கட்றது?”

“எல்லா நாடும் கட்டும். வசதியான நாடு கூட, மத்தது கொறச்சி.”

“தலைவரு யாரு?”

“ஆறு மாசத்துக்கு ஒரு நாடு. மாத்தி மாத்தி.”

கூட்டத்தின் பின்னாலிருந்து கொழுந்து பறிக்கும் இலட்சுமியின் குரல் வந்தது. “கேட்டுக்கங்க தலைவரே. ஆறு மாசமாம். நீங்க எத்தன வருஷம்?”

“இருபத்தி மூணு,” என்றார் மாரிமுத்து, சற்றும் வெட்கப்படாமல். “அவங்களுக்கு ஆளு கெடைக்குது, மாத்துறாங்க. இங்க யாரு வர்றீங்க? வாங்களேன்.”

யாரும் வரவில்லை. மாரிமுத்து டுவார்தேயின் அங்கியை விரலால் சுட்டி, “இருபத்தஞ்சு நாடுங்கிறீங்க, நட்சத்திரம் பன்னெண்டுதானே இருக்கு? மிச்சப் பேரு சந்தா பாக்கியா?” என்றார். அதை மொழிபெயர்க்கும்போது சந்திரகாந்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நட்சத்திரத்துக்கும் நாட்டுக் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்று டுவார்தே விளக்கியதை அங்கே ஒருவரும் நம்பவில்லை.

பிறகு வேலை தொடங்கியது. வாக்காளர் அட்டைகள் கிடைத்தனவா என்று இல்ஸே கேட்டார். கிடைத்தன, தலைவரின் பெட்டியில் இருக்கின்றன என்று பலரும் ஒரே குரலில் சொன்னார்கள். டுவார்தேயின் முகம் மாறிவிட்டது. ஒரு தொழிற்சங்கத் தலைவரின் பெட்டியில் ஒரு பிரிவின் அத்தனை வாக்காளர் அட்டைகளும் இருந்தால், அவர் பார்த்த மற்ற நாடுகளில் அதற்கு ஓர் அர்த்தம்தான் இருந்தது.

ஊசிமலையில் அது வழக்கம். கடிதங்கள் தோட்ட அலுவலகமான கந்தோருக்கு மொத்தமாக வரும், தலைவர் எடுத்துவருவார். லயத்தில் கூரைத் தகரம் ஒழுகும். அட்டை நனைந்தால் மை கலைந்துபோகும். ஒழுகாத தகரப் பெட்டி மாரிமுத்துவிடம்தான் இருந்தது. பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, சேமலாபப் புத்தகம் எல்லாம் அதற்குள்தான். வாக்களிக்கும் நாள் காலையில் வீடு வீடாக அட்டை கொடுப்பார். இவற்றை எல்லாம் சந்திரகாந்தா அறிவார். ஆனால் யாரும் வாயால் சொல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பாளர் சொல்லக் கூடாது. மாரிமுத்துவாகவே சொல்லட்டும் என்று காத்திருந்தார். மாரிமுத்து சொன்னார், ஆனால் பாதிதான்: கூரை ஒழுகும், பெட்டி ஒழுகாது என்றார்.

“பெட்டிச் சாவியக் கொண்டா,” என்று மனைவியைக் கூப்பிட்டதும், டுவார்தே மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் நிமிர்ந்தார். சாவி அவருடைய மொழியிலும் ஏறக்குறைய அதே சொல்தானாம். அந்த ஒரு நிமிடம் எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது.

பெட்டி திறந்தது. இல்ஸே அட்டைகளை எண்ணினார்: நூற்று நாற்பத்து மூன்று. கந்தோர்ச் சுவரில் ஒட்டியிருந்த வாக்காளர் பட்டியலில், அதாவது இடாப்பில், மேற்பிரிவுக்கு நூற்றைம்பது பெயர்.

“மிச்சம் ஏழு?”

“அந்த ஏழு பேரு ஊர்ல இல்லீங்க. கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்காங்க. அட்டைய அனுப்பிட்டேன்,” என்றார் மாரிமுத்து.

அவர் பொய் சொல்லும்போது காதைத் தடவுவார் என்பது சந்திரகாந்தாவுக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். காதைத் தடவினார் என்பது பேச்சல்ல. பேச்சைத்தான் சந்திரகாந்தா மொழிபெயர்த்தார். கூட்டாமல், குறைக்காமல்.

புறப்படுமுன் நான்காம் லயத்தில் பிளேன்டீ குடித்தார்கள். அத்தை வீடு என்று சந்திரகாந்தா அப்போது சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. காத்தாயி, இல்ஸேயின் மஞ்சள் முடியைப் பார்த்தபடி இருந்துவிட்டு, “ஒங்க பாஸ்போட்டு எந்த நாட்டுது கண்ணு?” என்று கேட்டார். பதிலுக்குத் தன்னுடையதையும் கொண்டுவந்து காட்டினார். பிளாஸ்டிக் உறையில் முப்பது ஆண்டு கிடந்த இந்தியக் கடவுச்சீட்டு.

இல்ஸே அதை இரு கைகளாலும் வாங்கிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: எங்கள் கட்டிடத்தில், பக்கத்து வீட்டில் ஓர் அம்மா இருக்கிறார். எங்கள் நாட்டிலேயே பிறந்தவர். அவரிடமும் ஒரு கடவுச்சீட்டு உண்டு. பிரசையல்லாதவர் என்று அதில் எழுதியிருக்கும். அவருக்கு வாக்கில்லை.

காத்தாயி தன் கடவுச்சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “பேரே இல்லாத பாஸ்போட்டா? பாவம். எனக்காவது ஒரு நாட்டுப் பேரு போட்டிருக்கு,” என்றார்.

சந்திரகாந்தா அதையும் அப்படியே மொழிபெயர்த்தார்.

காத்தாயிக்கு இதற்குள் இலங்கைப் பிரசாவுரிமையும் கிடைத்திருந்தது. 2003இல் அதற்கான சட்டம் வந்ததும், இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கான பிரகடனப் படிவத்தை நிரப்பியவர் சந்திரகாந்தாதான். அடையாள அட்டைக்குப் படம் பிடித்ததும், இடாப்பில் பெயர் ஏறியதைக் கந்தோர்ச் சுவரில் விரல் வைத்துப் பார்த்ததும் அவர்தான். வேலை முடிந்தது என்று நினைத்தார். அத்தையும் தலையாட்டியிருந்தார்.

பதினேழாம் திகதி வியாழக்கிழமை வாக்களிப்பு. மாத்தளையில் நான்கு நிலையங்கள், இரத்தோட்டையில் மூன்று என்று பார்த்துவிட்டு, பகல் ஒன்றரை மணிக்குக் கீழ்ப்பிரிவுப் பாடசாலைக்கு வந்தார்கள். மேற்பிரிவு ஆட்களுக்கும் அதுதான் நிலையம். மலையிலிருந்து இரண்டரைக் கட்டை இறங்கி வர வேண்டும். கட்டை என்றால் அங்கே மைல். வரிசை குறைந்திருந்தது. மாலை நான்கு மணிக்கு வாக்குப்பெட்டி மூடப்படும்.

இலட்சுமி வாக்களித்துவிட்டு, விரல் மையை ஊதிக்கொண்டு வந்தாள். “டீச்சர், மேல வயசாளிங்க ஏழு பேரும் வரல. இந்தியா பாஸ்போட்டு ஆளுங்க. தலைவரு அவங்க அட்டைய மட்டும் எடுத்து ஒளிச்சி வச்சிருக்காரு.”

இது தம்மிடம் தனியாகச் சொன்னதா, குழுவிடம் சொன்னதா என்ற கேள்வி சந்திரகாந்தாவுக்கு எழவில்லை. அங்கியை அணிந்திருக்கும்போது சொன்னதெல்லாம் குழுவுக்குச் சொன்னதே. மொழிபெயர்த்தார். டுவார்தே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மேலே போவோம் என்றார்.

வாகனம் மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. மாரிமுத்து வீட்டிலிருந்தார். இந்த முறை சாவியைக் கேட்டதும், மறுபேச்சுப் பேசாமல் பெட்டியின் அடியிலிருந்த மடித்த வேட்டியைத் தூக்கினார். இறப்பர் வளையம் போட்ட ஏழு அட்டைகள் இருந்தன.

“யாருக்குப் போடச் சொல்லி வற்புறுத்தினீங்க? போட மாட்டேன்னாங்களா?” என்று டுவார்தே கேட்கச் சொன்னார்.

“யாருக்கும் போட வேணாம்னுதாங்க வச்சேன்,” என்றார் மாரிமுத்து. அவர் குரல் இறங்கியிருந்தது. “இவங்க கையில இந்தியா பாஸ்போட்டு இருக்கு. இங்கயும் ஓட்டுப் போட்டா ரெண்டு நாட்டுலயும் கை வச்ச மாதிரி ஆயிடும். நாளைக்கு ஒருத்தன் பட்டியலப் பாத்து, நீ இந்தியாக்காரன்தானே, ஏறு கப்பல்லன்னா? எண்பத்தி மூணு கலவரத்துல கொழும்புல ஓட்டுப் பட்டியலக் கையில வச்சிக்கிட்டுத்தானே வீடு வீடாப் போனான்னு சொன்னாங்க. நாம கேட்டுப் போன காகிதம் ஒண்ணாவது ஒழுங்கா வந்திருக்கா? கேக்காமலே ஒரு காகிதம் தபால்ல வருதுன்னா, அதுல என்னமோ இருக்கு.”

சந்திரகாந்தா ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தார். இல்ஸே, அவர்கள் சம்மதித்தார்களா, இவராக எடுத்தாரா என்று கேட்டார்.

“அவங்களே கொண்டாந்து குடுத்தாங்க. மொத ஆளு காத்தாயி அக்காதான். புள்ளைக்குச் சொல்லாத, மனசு கஷ்டப்படும்னாங்க.”

அதையும் சந்திரகாந்தா மொழிபெயர்த்தார். ஒரு சொல்கூட விடவில்லை. அதன்பிறகு சந்திரகாந்தா தன் வாக்கியம் ஒன்றைச் சேர்த்தார். இருபத்தெட்டு நாளில் அது ஒன்றுதான்.

“காத்தாயி என் அத்தை. அவர் சொல்லும் பிள்ளை நான். நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.”

டுவார்தே பேனையை மூடினார். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றார். மணி இரண்டு பதினைந்து.

“ஓட்டுப் போட்டால் யாரையும் அனுப்ப மாட்டார்கள் என்று நான் அவர்களிடம் சொல்லலாமா?”

“இந்த அங்கியோடு சொல்ல முடியாது.”

“அது உண்மை. சட்டத்தில் இருக்கிறது.”

“உண்மைதான். ஆனால் நாம் சொல்ல வேண்டிய உண்மையல்ல. கேளுங்கள்,” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். “இன்று ஏழு பேரை நாம் அழைத்துப் போனால், நாளை தோற்றவர், வெளிநாட்டார் வந்து ஆள் கூட்டிக் கொடுத்தார்கள் என்பார். அப்போது நான் எழுதிய மற்ற எல்லாப் பக்கங்களும் பொய்யாகிவிடும். அடுத்த நாட்டில் என்னை உள்ளே விடமாட்டார்கள். இருபத்தைந்து நாடுகள் சேர்ந்து என்னை அனுப்பியது பார்ப்பதற்கு. கை வைப்பதற்கு அல்ல. எனக்கு இது சுலபம் என்று நினைக்காதீர்கள்.”

சந்திரகாந்தா அதை ஏற்றுக்கொண்டார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை என்றே பிற்காலத்திலும் சொல்லிவந்தார். ஆனால் பிழையில்லாத அந்தச் சொல்லுக்கும் நான்கு மணிக்கும் இடையில் அத்தை இருந்தார். அடுத்த தேர்தலுக்கு அத்தை இருப்பார் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை.

அவர் அங்கியைக் கழற்றினார். ஈரத்தை உதறினார். நான்காக மடித்து, அடையாள வில்லையை மேலே வைத்து, இரு கைகளாலும் டுவார்தேயிடம் நீட்டினார். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றார். டுவார்தே குறித்தார்: இரண்டு முப்பது. இனி இந்தக் குழுவில் தங்களுக்கு இடமிராது, தெரியுமல்லவா என்று கேட்டார். தெரியும் என்றார் சந்திரகாந்தா.

வெளியே ஸெய்னுலாப்தீன், “என்னா டீச்சர், ஜக்கெட்ட குடுத்துட்டீங்க? இனி இவங்க பேசறது எனக்கு வெளங்கணுமே. என் இங்கிலீஷ் ரைட், லெப்ட், ஸ்டொப்போட சரி,” என்றார்.

“அது போதும் நானா, இன்னிக்கு,” என்றார் சந்திரகாந்தா. அங்கே முஸ்லிம் அண்ணனை நானா என்பார்கள்.

காத்தாயி அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். மருமகள் அங்கியில்லாமல் வந்து நின்றதும் எல்லாம் விளங்கிவிட்டது. “மாரிமுத்து சொல்லிட்டானா? ஓட்ட வாயி.”

“அத்த, போட்டா ஒண்ணும் ஆகாது. யாரும் அனுப்ப மாட்டாங்க.”

“இத நீ சொல்றியா, அந்த நாடுங்க சங்கத்து ஆளுங்க சொல்றாங்களா?”

“நான்தான் சொல்றேன். அவங்க சொல்ல மாட்டாங்க. சொல்லக் கூடாது, அப்படி விதி.”

“சொல்லக் கூடாதுன்னா, எதுக்கு அம்மாந் தூரத்துலருந்து வந்தாங்க?”

“பாக்க.”

“பாத்து?”

“எழுத.”

“எழுதி?”

“எல்லா நாட்டுலயும் படிப்பாங்க.”

காத்தாயி அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்து நுனியைச் சாம்பலில் குத்தினார். “ஓட்டுப் போட்டதுக்காக நம்மள அனுப்புறாங்கன்னு வையி. அப்ப அதையும் எழுதுவாங்களா?”

“எழுதுவாங்க, அத்த.”

“எழுபத்தஞ்சுல மாமாவும் நானும் கைநாட்டு வச்சப்போ எழுதறதுக்கு யாரும் இருந்ததில்ல.” எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அப்ப சரி. நில்லு, சீல மாத்திக்கிறேன்.”

மற்ற ஆறு பேரிடமும் காத்தாயியே போய்ச் சொன்னார். எழுதுவாங்களாம் என்பதைத்தான் சொன்னார். சட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து பேர் புறப்பட்டார்கள். மாடசாமி மட்டும், “எனக்கு எழுத வேணாம், அனுப்பவும் வேணாம், நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்,” என்று கட்டிலை விட்டு எழவில்லை. அவரை யாரும் வற்புறுத்தவில்லை. மாரிமுத்து ஏழு அட்டைகளையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். “அனுப்புனா என்னையும் சேத்து அனுப்பட்டும். இந்தியாவுலயும் ஒரு கமிட்டி வேணுமில்ல,” என்றார்.

புறப்படும்போது மணி மூன்றுக்கு ஐந்து நிமிடம். ஆறு கிழவர் கிழவியர், மாரிமுத்து, சந்திரகாந்தா. மழையில், கொங்கிறீட் பெயர்ந்த தோட்டப் பாதையில் இறங்கினார்கள். பின்னால் அந்த வெள்ளை வாகனம் முதலாவது கியரில் ஊர்ந்து வந்தது. அவர்களும் கீழேதான் போக வேண்டியிருந்தது, பாதை ஒன்றுதான்.

வாகனத்துக்குள் நடந்ததைப் பின்னர் ஸெய்னுலாப்தீன் சொல்லித்தான் தெரியும். “நான் கையால காட்டினேன். பின்னுக்கு ஆறு சீட் காலி, வெளியில ஆறு பேரு. கணக்கு சரி. அந்தப் பெரிய தொரை தலைய ஆட்டி ‘நோ’ங்கிறாரு. இன்னொருக்கா காட்டினேன். ‘நோ.’ ஆனா மூஞ்சியப் பாத்தா, ‘நோ’ சொல்ற ஆளுக்குத்தான் வயித்துவலி மாதிரி இருந்திச்சி. பொறகு ஸ்டொப் ஸ்டொப்னு சொல்லிட்டு, கதவத் தொறந்து எறங்கிட்டாரு.”

டுவார்தே இறங்கி, பத்து யார் தூரம் பின்னால் நடந்துவந்தார். குடை விரித்திருந்தார். முன்னால் போகும் காத்தாயியின் தலை நனைவதைப் பார்த்தார். குடையைக் கொடுப்பது தலையீடாகுமா ஆகாதா என்று அவர் எவ்வளவு தூரம் யோசித்தாரோ தெரியாது. இரண்டாவது வளைவில் குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, தானும் நனைந்தபடி நடந்தார். சற்று நேரத்தில் இல்ஸேயும் இறங்கிவிட்டார்.

மலைமுகில் பாதையை மூடியபோது ஸெய்னுலாப்தீன் பெரிய விளக்குகளைப் போட்டார். விளக்குப் போடக் கூடாதென்று எவரும் சொல்லியிருக்கவில்லை. வெளிச்சம் நடப்பவர்களைத் தாண்டி முன்னால் விழுந்தது. பள்ளம் எது, கல் எது என்று தெரிந்தது. மூன்றாவது வளைவில் கட்சிக்காரர் சிலர் ஒரு ஜீப்பைக் குறுக்கே நிறுத்திவைத்திருந்தார்கள். வயசாளிகளைப் பார்த்து ஏதோ கேட்க ஒருவன் முன்னே வந்தான். பின்னால் நட்சத்திரம் போட்ட வாகனத்தையும், நனைந்த இரண்டு வெள்ளைக்காரர் குறிப்புப் புத்தகத்தோடு வருவதையும் கண்டு, ஒன்றும் கேட்காமல் ஜீப்பை ஓரம் எடுத்தான்.

பாதி வழியில், வந்தவர்களில் ஒருவரான காளியம்மா தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரு கல்லில் உட்கார்ந்து, இதற்குமேல் முடியாதென்றார். துணைக்கு மாரிமுத்து நின்றார். நிற்குமுன் மற்ற ஐந்து அட்டைகளையும் சந்திரகாந்தாவின் கையில் கொடுத்தார். நூற்று நாற்பத்து மூன்று அட்டையையும் காலையில் தன் கையாலேயே கொடுத்த மனிதர், இருபத்து மூன்று ஆண்டில் முதல்முறையாக அட்டையை வேறொருவரிடம் ஒப்படைத்தார்.

பாடசாலை வாசலை அவர்கள் மிதித்தபோது மூன்று ஐம்பத்திரண்டு. தலைமை தாங்கும் அலுவலர், வயது முதிர்ந்த சிங்களவர், மணியைப் பார்த்தார், ஐந்து பேரின் கால்களில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார். “எண்ட அம்மே, எண்ட,” வாங்கம்மா வாங்க, என்று சிங்களத்தில் கூப்பிட்டு உள்ளே விட்டார். இடாப்பைப் பார்த்துக் காத்தாயியின் பெயரை உரக்க வாசித்தார். கட்சி முகவர்கள் தலையை அசைத்துப் பெயரில் கோடிட்டார்கள். ஆட்சேபம் எதுவும் எழவில்லை. இடது கைச் சின்னவிரலில் மை வைத்தார்கள்.

காத்தாயி அட்டைப் பெட்டித் தடுப்புக்குப் பின்னால் அதிக நேரம் நின்றார். சந்திரகாந்தா வெளியே நின்றதால் ஒன்றும் காணவில்லை. அத்தை யாருக்குப் போட்டார் என்று அவர் கேட்டதுமில்லை.

வெளியே வந்த காத்தாயி, வாசலில் நனைந்து நின்ற இல்ஸேயைப் பார்த்தார். விரலைத் தூக்கிக் காட்டினார். “அந்தப் பக்கத்து வீட்டு அம்மாகிட்ட சொல்லுங்க கண்ணு,” என்றார். அதை மொழிபெயர்க்க அங்கே யாரும் இல்லை. சந்திரகாந்தா இப்போது மொழிபெயர்ப்பாளரல்லர்; டுவார்தேயைப் பார்த்தார். டுவார்தே, எங்கோ மழையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்திரகாந்தா சொன்னார்.

இல்ஸே தன் படிவத்தில் என்ன எழுதினார் என்பதை அன்று மாலை, வாக்களிப்பு முடிந்து மாத்தளைக்குத் திரும்பும் வாகனத்தில் சந்திரகாந்தாவுக்கு வாசித்துக்காட்டினார். மேற்பிரிவில் ஏழு வாக்காளர் அட்டைகள் தனியாக வைக்கப்பட்டிருந்தன, வற்புறுத்தலுக்குச் சான்றில்லை, வைத்தவரும் கொடுத்தவரும் அச்சத்தினாலேயே அப்படிச் செய்தனர், ஐவர் வாக்களித்தனர், மொழிபெயர்ப்பாளர் இரண்டு முப்பதுக்குத் தாமாகவே விலகினார், அதன்பிறகு நடந்தது அவருடைய சொந்தச் செயல். அந்தப் படிவம் எந்த அறிக்கையில் எவ்வளவு சேர்ந்தது என்பது குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது.

சந்திரகாந்தாவை அந்த வேலைக்கு மீண்டும் அழைக்கவில்லை. அதைப் பற்றி அவர் குறைப்பட்டதாக யாரும் கேட்டதில்லை. மறுநாள் வழக்கம்போல் எட்டாம் வகுப்புக்குப் போனார்.

மாடசாமி 2007இல் வாக்களிக்காமலே இறந்தார். காளியம்மா 2009 பெப்ரவரியில், மாகாணசபைத் தேர்தலில் வாக்களித்தார், அன்று மழையில்லை. காத்தாயி அன்றும் போட்டார். அந்த ஆண்டு ஆவணி மாதம் இறந்தார்.

காத்தாயி வாழ்ந்தது எழுபத்து மூன்று ஆண்டுகள். வாக்காளர் இடாப்பில் இருந்தது ஐந்து ஆண்டுகள்.